டிராஃப்டில் பெயர் வராத கல்லூரி ஐஸ் ஹாக்கி வீரர் தொழில்முறை ஆட்டக்காரராக முடியுமா?

கேள்வி இது: “என் அக்கா மகன் அமெரிக்காவில் முதல் பிரிவுக் கல்லூரி அணி ஒன்றில் ஐஸ் ஹாக்கி ஆடுகிறான். இரண்டாம் ஆண்டு முடிந்திருக்கிறது, வயது 21. வட அமெரிக்காவின் உச்ச லீகான என்எச்எல்லின் அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் அவனை எந்த அணியும் எடுக்கவில்லை. தொழில்முறை வீரனாகும் வாய்ப்பு இனி உண்டா? படிப்பை நிறுத்திவிட்டுக் கீழ்மட்ட லீக் ஒன்றில் சேர்ந்துவிடலாம் என்கிறான். அது சரியா?”

வாய்ப்பு இருக்கிறது. படிப்பை நிறுத்துவது சரியில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. கல்லூரி வழியாக வரும் வீரருக்குக் கிடைக்கும் பெரிய சொத்து காலம். உங்கள் அக்கா மகன் அதைத்தான் பாதியில் விட்டுவிட நினைக்கிறார்.

1993இல் வெர்மான்ட் பல்கலைக்கழக அணியில் இரண்டு இளைஞர்கள் சேர்ந்தார்கள். ஒருவர் கியூபெக் மாகாணத்தின் லவால் நகரைச் சேர்ந்த முன்கள வீரர் மார்ட்டின் சென் லூயி. உயரம் 5 அடி 8 அங்குலம். மற்றவர் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரத்துக் கோல்கீப்பர் டிம் தாமஸ். 1996இல் அவர்கள் அணி தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகள் மோதும் ‘ஃப்ரோஸன் ஃபோர்’ சுற்றுவரை போனது. ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹோபி பேக்கர் விருதின் இறுதிப் பட்டியலில் சென் லூயி மூன்று முறை இடம்பிடித்தார். அப்படிப்பட்டவரை டிராஃப்டில் ஓர் அணியும் எடுக்கவில்லை. உருவம் சிறியது என்று எல்லோரும் ஒதுக்கிவிட்டார்கள். தாமஸை 1994இல் கியூபெக் நோர்டிக்ஸ் 217ஆவது ஆளாக எடுத்தது. எடுத்த அணிக்காக அவர் ஒரு என்எச்எல் ஆட்டம்கூட ஆடவில்லை.

நான்கு ஆண்டுகளையும் ஆடி முடித்து 1997இல் வெளியே வந்தபோது சென் லூயியின் கையில் என்எச்எல் ஒப்பந்தம் கிடையாது. ஐஎச்எல் என்ற லீகில் கிளீவ்லாண்ட் அணிக்கு ஆடப் போனார். அங்கே கோல்கள் குவிந்த பிறகுதான் 1998இல் கால்கரி ஃபிளேம்ஸ் அவரைச் சேர்த்துக்கொண்டது. இரண்டு ஆண்டுகள் மேலணிக்கும் கீழணிக்கும் இடையே போய்வந்தார். 2000இல் லீகுக்குப் புதிதாக வந்த இரண்டு அணிகளுக்கு, பிற அணிகள் பாதுகாக்காத வீரர்களை எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு வந்தது. அந்தப் பட்டியலில் இருந்த அவரை அவையும் தொடவில்லை. கால்கரி விடுவித்துவிட்டது. டாம்பா பே அணி அழைத்தது. நான்காவது பருவத்தில், 2003–04இல், லீகிலேயே அதிகமாக 94 புள்ளிகள் (கோலுக்கும் கோலுக்கு உதவிய பாஸுக்கும் தலா ஒன்று) எடுத்தார். மிக மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் கோப்பையும் வென்றார். அதே ஆண்டு டாம்பா பே, என்எச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியது. கடைசியில் 1,134 ஆட்டங்களில் 1,033 புள்ளிகள். 2018இல் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமில் இடம்.

தாமஸின் பாதை இன்னும் நீளம். அமெரிக்காவின் கீழ்மட்ட லீக்குகள், பின்லாந்து, ஸ்வீடன், மறுபடி அமெரிக்கா, மறுபடி பின்லாந்து என்று அலைந்தார். பாஸ்டன் புரூயின்ஸ் அணியில் நிலையான இடம் கிடைத்தபோது 31 வயதாகியிருந்தது. 2011இல், 37 வயதில், வான்கூவரில் நடந்த ஏழாவது இறுதி ஆட்டத்தில் ஒரு கோலும் விடாமல் காத்துக் கோப்பையை வென்றார். தொடரின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே.

எல்லோரும் இவர்களைப் போல உயர்வார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இவர்கள் மட்டும்தான் என்றும் எண்ண வேண்டாம். ஜோ மல்லன், ஏடம் ஓட்ஸ், எட் பெல்ஃபோர் ஆகிய மூவரும் கல்லூரியிலிருந்து வந்தவர்கள், டிராஃப்டில் எடுக்கப்படாதவர்கள், மூவருக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் உண்டு. 18 வயதில் ஒரு பையனைப் பார்த்து 25 வயதில் அவன் எப்படி இருப்பான் என்று கணிப்பதுதான் டிராஃப்ட். அந்தக் கணிப்பு அடிக்கடி தவறுகிறது.

டிராஃப்ட் என்றால் என்ன என்பதைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கே குழப்பம் வரும். ஏலத்தில் எடுக்கப்பட்டவருக்கு விலையும் வேலையும் அன்றே உறுதியாகிறது. என்எச்எல் டிராஃப்டில் 32 அணிகள் ஏழு சுற்றுகளில் 224 இளைஞர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கின்றன. எடுத்த அணிக்குக் கிடைப்பது, அந்த வீரருடன் ஒப்பந்தம் பேசும் தனி உரிமை மட்டும். வீரருக்கு அன்று கிடைப்பது ஒரு ஜெர்சியும் தொப்பியும்தான். எடுக்கப்பட்டவர்களில் பலர் ஒரு என்எச்எல் ஆட்டம்கூட ஆடாமல் போகிறார்கள். வட அமெரிக்க வீரர்கள் 18 முதல் 20 வயதுவரை டிராஃப்டுக்குத் தகுதி உடையவர்கள். அதைத் தாண்டியும் எடுக்கப்படாதவர் ஃப்ரீ ஏஜென்ட் ஆகிவிடுகிறார். 32 அணிகளில் எதனுடனும் பேசலாம். உங்கள் அக்கா மகன் இன்று நிற்கும் இடம் அதுதான்.

இந்தச் சுதந்திரம் எவ்வளவு மதிப்புள்ளது என்பதற்கு, எடுக்கப்பட்ட வீரர்களே அதைத் தேடிப்போன கதைகள் சாட்சி. ஹார்வர்டின் ஜிம்மி வீசியை 2012இல் நாஷ்வில் மூன்றாம் சுற்றில் எடுத்தது. அவர் நான்கு ஆண்டுகளும் ஹார்வர்டில் ஆடி, 2016இல் ஹோபி பேக்கர் விருதை வென்று, நாஷ்வில்லுடன் கையெழுத்திட மறுத்துவிட்டார். நான்காம் ஆண்டு முடிந்த கோடையில் ஆகஸ்ட் 15 வந்தால் எடுத்த அணியின் உரிமை காலாவதியாகும் என்ற விதி அவருக்குத் துணை நின்றது. அவருடைய உரிமையை வாங்கிய பஃபலோவையும் அவர் ஏற்கவில்லை. நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியைத் தானே தேர்ந்துகொண்டார். அதே ஹார்வர்டின் தடுப்பாட்டக்காரர் ஏடம் ஃபாக்ஸை 2016இல் எடுத்தது கால்கரி. அவருடைய உரிமை கரோலினாவுக்கும், அங்கிருந்து 2019இல் அவர் சொந்த ஊர்ப் பக்கமான ரேஞ்சர்ஸுக்கும் கைமாறியது. 2021இல் லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது அவருக்குக் கிடைத்தது. இந்த உரிமைக் கால விதிகள் வீரர் சங்கத்துடனான ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போது மாறக்கூடியவை. யாராக இருந்தாலும் கையெழுத்திடும் ஆண்டின் விதியைப் பார்க்க வேண்டும். எடுக்கப்படாதவருக்கோ எந்தத் தேதிக்கும் காத்திருக்கும் அவசியம் கிடையாது.

ஆகவே அவர் முன்னால் இருக்கும் உண்மையான கேள்வி வேறு. அடுத்த இரண்டு ஆண்டுகளில் தன்னை எப்படிப்பட்ட ஆட்டக்காரராக மாற்றிக்கொள்வது?

கல்லூரி அட்டவணையை ஒருமுறை கூர்ந்து பாருங்கள். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் முதல் பிரிவில் ஓர் அணி வழக்கமான பருவத்தில் ஆடுவது ஏறக்குறைய 34 ஆட்டங்கள், பெரும்பாலும் வெள்ளியும் சனியும். பதின்ம வயது வீரர்கள் ஆடும் கனடாவின் மேஜர் ஜூனியர் லீக்குகளில் இதைப் போல இரண்டு மடங்கு. என்எச்எல்லில் 2025–26 பருவம்வரை 82. குறைவாக ஆடுவது குறை என்று சிலர் நினைப்பார்கள். திங்கள் முதல் வியாழன்வரை பனித்தளப் பயிற்சியும் உடற்பயிற்சிக் கூடமும் இருக்கின்றன என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. 19 வயதில் மெலிந்திருந்த பையன் 23 வயதில் ஆண்களோடு சுவரோரம் மோதி, பக் எனப்படும் ரப்பர் வட்டைப் பிடுங்கும் வலுவோடு வெளியே வருகிறான். உடல் தாமதமாக வளரும் வீரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இந்த விளையாட்டில் வேறெங்கும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

சாக் ஹைமனை எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முதல் ஆண்டில் அவர் அடித்தது இரண்டே கோல். நான்காம் ஆண்டில் அணியின் முதன்மை வீரராகி 54 புள்ளிகள் எடுத்தார். அவரை எடுத்திருந்த ஃபுளோரிடாவுடன் கையெழுத்திடாமல் டொரொண்டோவுக்குப் போனார். அங்கேயும் தொடக்கத்தில் அவர் வேலை பக்கைத் துரத்திப் பிடித்து நட்சத்திர வீரர்களுக்குக் கொடுப்பது, எதிரணியின் கூடுதல் ஆள் ஆட்டத்தைத் தடுப்பது ஆகியவைதான். 2023–24 பருவத்தில் எட்மண்டனுக்காக 54 கோல்கள் அடித்தார். இரண்டாம் ஆண்டு முடிவில் அவரும் பொறுமை இழந்து வெளியேறியிருந்தால் இவற்றில் ஒன்றும் நடந்திருக்காது.

ஹைமன் கதையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. கல்லூரியில் கோல் அடிப்பவர் தொழில்முறை அணிக்குப் போனதும் அங்கே கோல் அடிக்கும் இடங்கள் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். முன்கள வீரர்கள் மூவர் மூவராக மாறி மாறி இறங்கும் வரிசைகளில் கடைசியான நான்காவது வரிசையில் எட்டு, ஒன்பது நிமிடங்கள்தான் கிடைக்கும். அந்த நிமிடங்களில் தவறு செய்யாதவர், தண்டனை நேரத்தில் ஒரு ஆள் குறைவாக நின்று தடுக்கத் தெரிந்தவர், ஆட்டத்தைத் தொடங்க நடுவர் பக்கைப் போடும் ஃபேஸ்ஆஃபில் அதை வெல்பவர், வேகமாக வரும் பக்கின் முன்னால் உடலை வைப்பவர் நிலைத்துவிடுகிறார். அணிகளுக்காக வீரர்களைத் தேடித் திரியும் ஸ்கவுட்டுகள் பார்ப்பதும் இவற்றைத்தான். தடுப்பாட்டக்காரர் என்றால், முதுகுக்குப் பின்னால் எதிரி துரத்திவர, மூலையில் கிடக்கும் பக்கை எடுத்து முதல் பாஸைச் சரியாகக் கொடுக்கிறாரா என்று பார்ப்பார்கள். அதற்கெல்லாம் அடிப்படை சறுக்கும் வேகம். முதல் மூன்று எட்டு வைப்பதற்குள் வேகம் பிடிக்க முடியாதவரை மற்ற திறமைகள் காப்பாற்றுவது கடினம். உங்கள் அக்கா மகன் தன் பயிற்சியாளரிடம் கேட்க வேண்டியது “எனக்கு ஏன் கோல் வாய்ப்புத் தருவதில்லை” என்று அல்ல. “ஆள் குறைவாக ஆடும்போது என்னை இறக்க என்ன தடை” என்று கேட்கட்டும்.

மேலே எடுக்கப்பட்டவர்கள்கூட அவசரப்படவில்லை என்பதற்கு கேல் மக்கார் நல்ல சான்று. கால்கரியில் பிறந்தவர். மேஜர் ஜூனியரில் ஆடினால் கல்லூரித் தகுதி போய்விடும் என்று அன்று விதி இருந்ததால், ஆல்பர்ட்டாவின் புரூக்ஸ் என்ற சிற்றூர் அணியில் ஆடினார். 2017இல் கொலராடோ அவரை நான்காவது ஆளாக எடுத்தது. அவர் சேர்ந்த மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக அணி, அதற்கு முந்தைய பருவத்தில் ஐந்தே ஆட்டங்களில் வென்ற அணி. முதல் ஆண்டு முடிந்ததும் தொழில்முறைக்குப் போயிருக்கலாம். போகாமல் இரண்டாம் ஆண்டும் ஆடினார். 2019 ஏப்ரலில் ஹோபி பேக்கர் விருதை வென்றார். மறுநாள், 13ஆம் தேதி, தேசிய இறுதியில் அவர் அணி மினசோட்டா டுலூத்திடம் தோற்றது. 15ஆம் தேதி கொலராடோவுக்காக ஸ்டான்லி கோப்பைக்கான பிளேஆஃப் (வழக்கமான பருவம் முடிந்த பின் நடக்கும் இறுதிச் சுற்றுகள்) ஆட்டத்தில் இறங்கினார். அதுதான் அவருடைய முதல் என்எச்எல் ஆட்டம். அதிலேயே கோல் அடித்தார். பார்ப்பவர்களுக்கு அது இரண்டு நாளில் நடந்த தாவலாகத் தெரிந்தது. தயாராகும்வரை அவர் காத்திருந்த ஆண்டு அந்தத் தாவலுக்குள் இருக்கிறது.

இப்போது ஒப்பந்தத்துக்கு வருவோம். குடும்பங்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான்.

முதல் என்எச்எல் ஒப்பந்தத்தை நுழைவுநிலை ஒப்பந்தம் என்பார்கள். அதன் காலத்தை வயது தீர்மானிக்கிறது. 18 முதல் 21 வயதுக்குள் கையெழுத்திட்டால் மூன்று ஆண்டு, 22 அல்லது 23 என்றால் இரண்டு, 24 என்றால் ஒன்று. சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. ஆகவே நான்காம் ஆண்டு முடித்து வருபவருக்குக் கிடைப்பது ஓராண்டு அல்லது இரண்டாண்டு ஒப்பந்தம். சீக்கிரமே அடுத்த, பெரிய ஒப்பந்தம் பேசலாம் என்பது இதில் லாபம். தன்னை நிரூபிக்கக் கிடைக்கும் காலம் குறைவு என்பது நட்டம்.

அடுத்து, இரண்டு வரிகளில் எழுதப்பட்ட சம்பளம். பெரும்பாலான புதியவர்களின் ஒப்பந்தத்தில் என்எச்எல்லில் இருக்கும் நாட்களுக்கு ஒரு தொகையும், அதற்குக் கீழே உள்ள ஏஎச்எல்லில் இருக்கும் நாட்களுக்கு வேறு தொகையும் குறிக்கப்பட்டிருக்கும். 2025–26 பருவத்தில் என்எச்எல்லின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7,75,000 டாலர். நுழைவுநிலை வீரரின் ஏஎச்எல் சம்பளமோ ஏறக்குறைய அதில் பத்தில் ஒரு பங்கு. செய்தியில் வரும் எண் முதல் வரியில் இருப்பது. வாழ்க்கை நடக்கப்போவது, முதல் ஓரிரு ஆண்டுகளுக்காவது, இரண்டாம் வரியில். வீட்டு வாடகையையும் கோடைகாலப் பயிற்சிச் செலவையும் அந்த இரண்டாம் வரியை வைத்தே கணக்கிட வேண்டும்.

மார்ச் இறுதியிலும் ஏப்ரலிலும் கல்லூரி அணிகள் ஒவ்வொன்றாகப் போட்டியிலிருந்து வெளியேறும்போது என்எச்எல் அணிகள் எடுக்கப்படாத வீரர்களைத் தேடிவரும். அப்போது சில அணிகள், “இப்போதே கையெழுத்திடு, மீதியிருக்கும் சில ஆட்டங்களில் ஆடலாம், ஒப்பந்தத்தின் முதல் ஆண்டு அதிலேயே கழிந்துவிடும்” என்று ஆசை காட்டும். அடுத்த ஒப்பந்தம் ஓராண்டு முன்னதாக வரும் என்பதால் இது வீரருக்கு உண்மையான லாபம். ஆனால் நல்ல அணியை விட்டுவிட்டு இதற்காகவே மோசமான அணியைத் தேர்ந்தவர்கள் பின்னால் இடமில்லாமல் தவித்திருக்கிறார்கள். ஓர் ஆண்டைக் கழிப்பதைவிட ஓர் இடத்தைப் பிடிப்பது முக்கியம்.

என்எச்எல் ஒப்பந்தம் வரவில்லை என்றால் ஏஎச்எல் அணியுடன் நேரடியாகச் சேரலாம். கானர் ஷேரி அப்படி வந்தவர். மாசசூசெட்ஸில் நான்கு ஆண்டுகள் ஆடினார், சிறிய உருவம், டிராஃப்டில் எடுக்கப்படவில்லை. 2014இல் பிட்ஸ்பர்க்கின் துணை அணியான வில்க்ஸ் பாரி ஸ்க்ரான்டனில் முதலில் சோதனை முறையில் ஆடினார், பிறகு ஏஎச்எல் ஒப்பந்தம் பெற்றார், 2015 கோடையில் என்எச்எல் ஒப்பந்தம். 2016 ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரின் இரண்டாம் ஆட்டத்தில் கூடுதல் நேர வெற்றி கோலை அடித்தவர் அவர்தான். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் கோப்பை வென்றார்.

ஒவ்வொரு என்எச்எல் அணிக்கும் ஒரு ஏஎச்எல் துணை அணி உண்டு. அங்கே 72 ஆட்டங்கள், நீண்ட பஸ் பயணங்கள், சில வாரங்களில் மூன்று நாளில் மூன்று ஆட்டம். கல்லூரியின் நான்கு நாள் தயாரிப்பு அங்கே கிடையாது. என்எச்எல் வீரர்களில் மிகப் பெரும்பாலானோர் இந்த லீகைக் கடந்தே மேலே போயிருக்கிறார்கள்.

அதற்கும் கீழே இசிஎச்எல், ஏறக்குறைய 30 அணிகள். வாரச் சம்பளம், பருவம் முழுதும் அணி தங்குமிடம் தரும். உங்கள் அக்கா மகன் படிப்பை விட்டுச் சேர நினைக்கும் லீக் இதுவாகவோ இதற்கும் கீழானதாகவோ இருக்க வேண்டும். “ஜோனதன் குயிக் இங்கிருந்துதானே போனார்” என்று அவர் கேட்கக்கூடும். உண்மைதான். குயிக் மாசசூசெட்ஸில் இரண்டே ஆண்டுகள் ஆடிவிட்டு வெளியேறினார். 2007–08இல் ரெடிங் நகரின் இசிஎச்எல் அணியில் கோல் காத்தார். 2012இல் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் கோப்பை வென்றபோது தொடரின் சிறந்த வீரர் ஆனார். ஆனால் குயிக் அங்கே போனபோது அவர் பையில் கிங்ஸின் ஒப்பந்தம் இருந்தது. மேலே ஓர் இடம் காலியானால் அழைக்கப்படும் வரிசையில் நின்றுகொண்டு ஆடினார். ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் போகிறவரை அப்படி அழைக்க யாருக்கும் கடமை கிடையாது. தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு கல்லூரி அணிக்குத் திரும்ப முடியாது என்றே கருதிக்கொள்ள வேண்டும். இரண்டு ஆண்டு ஆட்டமும் பட்டமும் உதவித்தொகையும் ஒரே கையெழுத்தில் போய்விடும். நான்காம் ஆண்டு முடித்த பிறகும் இதே இசிஎச்எல் அவரை வரவேற்கும். இன்று போவதால் என்ன கூடுதல் லாபம்?

ஐரோப்பாவும் ஒரு மரியாதையான வழி என்பதைச் சேர்த்துச் சொல்கிறேன். ஸ்வீடன், பின்லாந்து, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து லீக்குகளில் ஆடி நல்ல வருமானத்தோடு முப்பதுகளின் நடுப்பகுதிவரை வாழ்ந்த கல்லூரி வீரர்கள் நிறையப் பேர். வெளிநாட்டு வீரர்களுக்கு எண்ணிக்கை வரம்பு இருப்பதால், ஏஎச்எல்லில் ஓரளவு பெயர் எடுத்தவர்களுக்கே நல்ல இடங்கள் கிடைக்கும். பிரிட்டன் லீகில் ஆடிக்கொண்டே முதுகலைப் பட்டம் படிப்பவர்களும் உண்டு. அதற்கும் முதலில் இளங்கலைப் பட்டம் வேண்டும்.

பட்டத்தைப் பற்றிப் பேசும்போது கென் ட்ரைடனைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கார்னெல் பல்கலைக்கழகக் கோல்கீப்பர். 1967இல் அந்த அணியுடன் தேசியப் பட்டம் வென்றார். 1971இல் மான்ட்ரியல் அணிக்கு வெறும் ஆறு ஆட்டங்கள் ஆடியிருந்த நிலையில் பிளேஆஃபில் இறக்கப்பட்டு, கோப்பையையும் தொடரின் சிறந்த வீரர் விருதையும் வென்றார். ஆடிக்கொண்டே மெக்கில் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். 1973–74 பருவம் முழுவதும் ஹாக்கியை விட்டுச் சட்ட அலுவலகத்தில் பயிற்சி எடுத்தார். திரும்பி வந்து மேலும் கோப்பைகள் வென்றார். பிற்காலத்தில் கனடாவின் அமைச்சராகவும் இருந்தார். படிப்பு ஆட்டத்துக்குத் தடை என்பவர்களிடம் இந்த ஒரு வாழ்க்கையைக் காட்டினால் போதும். முன்னதாகவே வெளியேற நேர்ந்தவர்களும் கோடைகாலங்களில் பாடங்களை எடுத்துப் பட்டத்தை முடித்திருக்கிறார்கள். ஆனால் பிளேஆஃப், காயம், குடும்பம் என்று வந்துவிட்டால் அது எளிதில்லை.

கல்லூரியில் தங்கினால் எல்லாம் தானாக நடக்கும் என்றும் நினைக்க வேண்டாம். சூழல் வேகமாக மாறிவருகிறது. கனடாவின் மேஜர் ஜூனியர் லீக்குகளில் ஆடியவர்களுக்கு என்சிஏஏ கதவைப் பல பத்தாண்டுகள் மூடியே வைத்திருந்தது; 2024 நவம்பரில் அந்தத் தடையை நீக்க முடிவெடுத்து, 2025–26 கல்வியாண்டு முதல் அவர்களை அனுமதித்திருக்கிறது. உடனே கேவின் மெக்கென்னா போன்ற முன்னணி இளைஞர்கள் கல்லூரிக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். அவர் சேர்ந்தது பென் ஸ்டேட். 2021 முதல் மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். 2025 முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கவும் வழி பிறந்திருக்கிறது. அந்த ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளின் ஹாக்கி அணியில் 26 பேருக்கு மேல் இருக்க முடியாது. விளைவு, மூன்றாம், நான்காம் வரிசையில் ஆடும் மாணவரின் இடத்துக்குப் போட்டி கடுமையாகிவிட்டது. அதே நேரம் லீகின் தரம் உயர்ந்திருப்பதால், அங்கே நிலைத்து ஆடுபவரின் மதிப்பும் ஸ்கவுட்டுகளிடம் உயர்கிறது. உங்கள் அக்கா மகனுக்குக் களத்தில் நேரமே கிடைக்கவில்லை என்றால், வேறு கல்லூரிக்கு மாறும் வழி திறந்திருக்கிறது. படிப்பை விடுவதற்கு முன் யோசிக்க வேண்டியது அதை.

பெண்கள் ஹாக்கி ஆடும் குடும்பங்களுக்கு இரண்டு வரி. 2024 ஜனவரி 1 முதல் பிடபிள்யூஎச்எல் என்ற தொழில்முறை லீக் நடக்கிறது. ஆறு அணிகளில் தொடங்கி 2025–26இல் எட்டானது. அங்கே போக வட அமெரிக்க வீராங்கனைகளுக்குக் கல்லூரிதான் முக்கியப் பாதை. சம்பளம் ஆண்களுடையதோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு என்பதால் பட்டம் அவர்களுக்கு இன்னும் அவசியம்.

இந்தக் கோடையில் செய்ய வேண்டியவை சில உண்டு. ஜூலையில் என்எச்எல் அணிகள் நடத்தும் டெவலப்மென்ட் கேம்ப்களுக்கு எடுக்கப்படாத கல்லூரி வீரர்களையும் அழைக்கிறார்கள். அவருடைய கல்லூரிப் பயிற்சியாளர் ஓர் அணிக்குப் பேசினால் அழைப்பு வரக்கூடும். போவதற்கு முன் பயணச் செலவை யார் ஏற்கலாம், எத்தனை நாள் தங்கலாம் என்பதைக் கல்லூரியின் விதிமுறை அலுவலரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளட்டும். ஏஜென்ட் யாராவது அணுகினால், கல்லூரியில் இருக்கும்வரை அவர் ஆலோசகராக மட்டுமே இருக்க முடியும், வீரரின் பெயரில் அணிகளுடன் பேரம் பேசக் கூடாது என்பதையும் நினைவில் வைக்கட்டும்.

பிறகு ஒரு பட்டியல் போடட்டும். 32 அணிகளிலும் அவர் ஆடும் நிலையில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களுடைய வயது என்ன, யாருடைய ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது, துணை அணியில் காத்திருக்கும் இளைஞர்கள் யார், கடந்த ஐந்து ஆண்டுகளில் அந்த அணி டிராஃப்டில் எடுக்காத கல்லூரி வீரர்களில் எத்தனை பேரை மேலே அழைத்திருக்கிறது. இவை எல்லாம் பொதுவெளியில் கிடைக்கும் தகவல்கள். நான்காம் ஆண்டின் மார்ச் மாதத்தில், கடைசி ஆட்டம் முடிந்த சில மணி நேரத்திலேயே தொலைபேசி ஒலிக்கத் தொடங்கலாம். முடிவெடுக்க ஓரிரு நாட்கள்தான் கொடுப்பார்கள். அப்போது முதல்முறையாக இந்தப் பட்டியலைத் தேடக் கூடாது. ஒவ்வோர் அணியிடமும் அவர் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதிலிருந்தே வரட்டும்: “அக்டோபரில் என்னை எந்த நகரத்தில், எந்த வரிசையில், யாருடைய இடத்தில் ஆட வைப்பீர்கள்?”